சித்திரையில் இரவிகுளம்: குமரி மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாசி பிறந்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். பக்கத்து வீடு, ஆபீஸ், மைனியின் தங்கை, அவர்கள் வீட்டு மாப்பிள்ளை என்று யாராவது ஒருவர், "மூணாறு போகணும், எப்படிப் போறது?" என்பார். நாகர்கோவிலிலிருந்து நான்கு முறை போயிருக்கிறேன். அதில் ஒரு முறை பூங்கா வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால், வழக்கமாக வரும் கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், எந்தப் பூங்கா இது? மூணாறு வேறு, ராஜமலை வேறா?

மூணாறு என்பது ஊர். ராஜமலை என்று எல்லாரும் சொல்வது இரவிகுளம் தேசியப் பூங்காவில் நம்மை உள்ளே விடுகிற பகுதி. பூங்கா மொத்தம் 97 சதுர கிலோமீட்டர், கேரளத்தின் இடுக்கி மாவட்டம். 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. நாம் கால் வைப்பது அதில் ஒரு ஓரத்தில் மட்டும்தான்.

ஆனைமுடி இதற்குள்தான் இருக்கிறது. 2,695 மீட்டர். இந்தியாவில் இமயமலைக்குத் தெற்கே இதைவிட உயரமான சிகரம் கிடையாது. ஊட்டி தொட்டபெட்டாவே 2,637தான். நம் ஆரல்வாய்மொழிப் பக்கம் தலைக்கு மேல் நிற்கிறதே மகேந்திரகிரி, அது 1,600 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதன் மேல் இன்னும் ஆயிரம் மீட்டரை ஏற்றி வைத்துப் பாருங்கள், ஆனைமுடி எவ்வளவு உயரம் என்று புரியும்.

வசந்த காலம் என்றால் மார்ச்சில் போகலாம்தானே?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்கா பொதுவாக மூடியிருக்கும். வரையாடு என்கிற மலைக் காட்டு ஆடு குட்டி போடுகிற காலம் அது. மழைக்காலத்தில் இணை சேர்ந்து, ஆறு மாதம் சுமந்து, தை மாசியில் ஈனுகின்றன. பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான். பிறந்த குட்டியுடன் தாய் பாறைச் சரிவிலேயே நிற்கும். சிறுத்தையும் செந்நாயும் சுற்றுகிற காட்டில், அந்தச் சரிவுதான் அதற்குப் பாதுகாப்பு. அந்த நேரத்தில் நாலாயிரம் பேர் வந்து செல்ஃபி எடுத்தால் அது எங்கே போகும்? அதனால் வனத்துறை அடைத்துவிடுகிறது. வழக்கமாக ஏப்ரல் 1 வாக்கில் திறக்கிறார்கள். குட்டி ஈனுவதைப் பார்த்துவிட்டுத்தான் தேதியை முடிவு செய்கிறார்கள் என்பதால் சில நாள் முன்பின் ஆகலாம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், முதல் தடவை நான் போனது மார்ச் இரண்டாம் வாரம். மண்டைக்காட்டுக் கொடை முடிந்த கையோடு நாலு நாள் லீவு கிடைத்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஏழு பேர் ஒரு வண்டியில் கிளம்பினோம். காலை எட்டு மணிக்குப் பூங்கா நுழைவிடமான ஐந்தாம் மைலில் போய் இறங்கினால் ஒரு குருவியைக் காணோம். எதிரே ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆடு குட்டி போட்டிருக்கு. ஏப்ரல்ல வாங்க" என்றார். பிரசவ வீட்டு வாசலில் நின்று விருந்தாளியைத் திருப்பி அனுப்புகிற குரல் அது. அப்பா மட்டும் சிரித்தார். "நியாயந்தானே, பேறுகால வீட்டுக்கு ஏழு பேர் ஒண்ணா போவாங்களா?" என்றார். ஹோட்டலுக்குப் பணம் கட்டியிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் கணக்குப்படி பார்த்தாலும் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும்தான். மார்ச்சை வசந்தம் என்பது வெளிநாட்டுக் காலண்டர். நம்மூரில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விட்டு முடித்த பிறகு கிளம்பினால் சரியாக இருக்கும்.

சரி, ஏப்ரலில் எந்த வாரம்?

திறந்த முதல் சில நாளில் கூட்டம் முட்டும். அப்புறம் பெரிய வியாழன் தொடங்கி ஈஸ்டர் வரை ஒரு கூட்டம். ஏப்ரல் 14, 15இல் விஷுவும் சித்திரை முதல் நாளும் சேர்ந்து இன்னொரு கூட்டம். இந்த மூன்றையும் விட்டுவிட்டு, செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாளைப் பிடியுங்கள். விஷு முடிந்த அடுத்த வாரம் எனக்கு இரண்டு முறை நன்றாக அமைந்தது.

மே மாதம் போகக்கூடாது என்றில்லை. ஆனால் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் பள்ளி விடுமுறையில் இருக்கும். மூணாறு டவுனைக் கடக்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும்.

மார்ச்சில்தான் எனக்கு லீவு. என்ன செய்ய?

இரவிகுளத்தை மறந்துவிட்டு, அதைச் சுற்றியுள்ளவற்றைப் பாருங்கள். வட்டவடை போகும் வழியில் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. ஒன்றேகால் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கேரளத்திலேயே சின்ன தேசியப் பூங்கா அது. சாலை காட்டுக்குள்ளேயே போவதால் வண்டியில் இருந்தபடியே காட்டெருமையைப் பார்க்க வாய்ப்பு உண்டு.

மறையூர் தாண்டி உடுமலைப்பேட்டைச் சாலையில் சின்னாறு சரணாலயம். இது மழை மறைவுப் பகுதி. மூணாற்றின் பச்சையைப் பார்த்த கண்ணுக்கு, நம் பணகுடி, காவல்கிணறுப் பக்கத்து முள்காட்டைப் பார்த்த மாதிரி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற சாம்பல் அணில் இங்கேயும் உண்டு. மார்ச்சில் மூணாறு சாலையோரம் ஜகரந்தா மரங்கள் ஊதாவாகப் பூத்து நிற்கும். இதற்காக மட்டும் மார்ச்சில் போகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அடுத்து ஒரு தடவை அப்படிப் போகலாம் என்றிருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து எந்த வழி நல்லது?

இரண்டு வழி. நீங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நாகர்கோவில், கன்னியாகுமரி, தோவாளைப் பக்கம் என்றால் காவல்கிணற்றில் நான்குவழிச் சாலையைப் பிடித்து திருநெல்வேலி, மதுரை, தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. ஏறக்குறைய 400 கிலோமீட்டர். மதுரை வரை கால் அசையாமல் போய்விடலாம். மதுரைக்குள் நுழையப் பிடிக்காதவர்கள் நெல்லையிலிருந்து சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லுப்பட்டி, உசிலம்பட்டி வழியாகத் தேனி போகலாம். மலையை ஒட்டியே போகிற அழகான வழி, ஆனால் வேகத்தடைகளை எண்ணி மாளாது.

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் என்றால் திருவனந்தபுரம், கொட்டாரக்கரை, கோட்டயம், மூவாற்றுப்புழை, கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி, மூணாறு. தூரம் குறைவு, நேரம் குறைவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் வழியாகப் போகிற எம்.சி. ரோட்டில் ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் ஒரு சந்திப்பு முளைக்கும். நேரியமங்கலத்துக்கு அப்புறம் காடு தொடங்கும்போதுதான் மூச்சு வரும். வழியில் சீயப்பாறை அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது, சித்திரையில் நூலாகத்தான் ஒழுகும். மழைக்காலப் படத்தைப் பார்த்துவிட்டு எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு வழியிலும் ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். என் விருப்பம் போடி வழிதான். போடியில் புளியமரமும் மாமரமும் வெயிலில் காய்ந்து நிற்கும். அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டில் ஏலக்காய் வாசனை அடிக்கும். ஒன்றரை மணி நேரத்தில் கோடையிலிருந்து மார்கழிக்குப் போவது மாதிரி. ஆனால் இருட்டிய பிறகு அந்த ஏற்றத்தைத் தொடாதீர்கள். மதியம் மூன்று மணிக்குள் போடியைத் தாண்டுகிற மாதிரி, நாகர்கோவிலிலிருந்து விடிகாலை நாலரைக்காவது கிளம்ப வேண்டும். டீசல், பெட்ரோலைத் தேனியிலோ போடியிலோ நிரப்பிக்கொள்ளுங்கள்.

வண்டி இல்லை. ரயில், பஸ்?

மதுரை வரை ரயில், அங்கிருந்து தேனிக்கு பஸ், தேனியிலோ போடியிலோ மூணாறு பஸ். மதுரை–போடி அகலப் பாதை 2023 ஜூனில் முழுதாகத் திறந்துவிட்டதால் போடி வரையே ரயிலிலும் போகலாம். ரயில்கள் குறைவு என்பதால் நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்குப் பக்கத்துக்காரர்கள் ஆலுவா வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். ஆலுவாவிலிருந்து மூணாறு சுமார் 110 கிலோமீட்டர்.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இ-பாஸ் வேண்டுமா?

அந்த இ-பாஸ் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. மூணாறு கேரளம், அந்த உத்தரவு அங்கே பொருந்தாது. சொந்தக் காரில் போகிறவர்கள் வழக்கமான காகிதங்களை வைத்திருந்தால் போதும்.

வாடகை வேன் என்றால் கதை வேறு. கேரளத்துக்கான பெர்மிட், வரி எல்லாம் கட்டியிருக்கிறதா என்று வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்று சொன்ன ஓட்டுநருடன் போய், போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் முக்கால் மணி நேரம் நின்றவன் நான்.

டிக்கெட் எப்படி எடுப்பது?

இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். நாளும் நேரமும் சேர்த்துத்தான் பதிவு. நேரில் எடுக்கவும் முடியும். ஆனால் விடுமுறை நாளில் வரிசையில் நின்று நின்று, உள்ளே போகும்போது மேகம் மூடிவிடும். காலை முதல் நேரத்தை எடுங்கள், பூங்கா எட்டு மணியை ஒட்டித் திறக்கும். பத்து மணிக்கு மேல் மேகம் ஏற ஆரம்பித்தால், பத்தடி தள்ளி நிற்கிற ஆடும் தெரியாது.

உள்ளே போனால் என்னதான் இருக்கும்?

மூணாறிலிருந்து உடுமலைச் சாலையில் ஐந்து மைல் போனால் ஐந்தாம் மைல் நுழைவிடம். பெயரிலேயே தூரம் இருக்கிறது. உங்கள் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வனத்துறை பஸ்ஸில் ஏற்றி தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மேலே கொண்டு போவார்கள். வலப்பக்கமா, இடப்பக்கமா என்று சண்டை போட வேண்டாம். போகும்போது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. திரும்பும்போது மாறிவிடும்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து தார்ச்சாலையில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் நடை. அவ்வளவுதான் சுற்றுலா. காட்டுக்குள் நுழைகிற வேலையே இல்லை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடும்: "இதுக்கா 400 கிலோமீட்டர்?" ஆமாம், இதற்குத்தான். ஒரு பக்கம் செங்குத்தான கருப்புப் பாறை, அதில் தண்ணீர் கசிந்து வெயிலில் மின்னும். மறுபக்கம் புல்வெளி. மலை மடிப்புகளில் மட்டும் கறுத்த பச்சையாகச் சோலைக்காடு திட்டுத் திட்டாக ஒதுங்கி நிற்கும். புல்வெளி மழைநீரை உறிஞ்சிக்கொள்ள, சோலைகளின் ஊடே ஆண்டு முழுக்க ஓடை ஓடும். மரம் இல்லாத மலையைப் பார்த்தால் "வெட்டிட்டானுவளோ" என்று தோன்றும் நமக்கு. இது வெட்டியதில்லை, இயற்கையே இப்படித்தான்.

வரையாட்டைக் கட்டாயம் பார்த்துவிடலாமா?

காட்டு விலங்குக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் ஏப்ரலில் ராஜமலையில் பார்க்காமல் திரும்பியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத விலங்கு இது. 2025இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்தம் 2,668. அதில் எண்ணூறுக்கு மேல் இரவிகுளத்தில் மட்டும். நம் மாநில விலங்கை நன்றாகப் பார்க்க மாநில எல்லை தாண்ட வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

போன ஏப்ரலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சாலைத் திருப்பத்தில், கைப்பிடிச் சுவர் மேல் ஒரு பெட்டை நின்றது. மூன்று முழ தூரம்கூட இருக்காது. பக்கத்தில் இரண்டு மாதக் குட்டி. சாம்பலும் பழுப்புமாக, நம் வீட்டு வெள்ளாட்டுக் குட்டியைவிடக் கொஞ்சம் தடித்த கால். அது பாறையில் குதித்தது, சறுக்கியது, திரும்ப ஏறியது, மறுபடி அதே இடத்தில் சறுக்கியது. தாய் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, புல்லைக் கடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது தடவை குட்டி ஏறிவிட்டது. சரிவின் மேலே, தனியாக ஒரு கிடா. வயது முதிர்ந்த கிடாவுக்கு உடம்பு கரும்பழுப்பாகி, முதுகில் மட்டும் வெள்ளிக் கம்பளம் போட்ட மாதிரி ஒரு திட்டு விழும். பின்னோக்கி வளைந்த கொம்பு ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அதனால் கொம்பை வைத்துக் கண்டுபிடிக்காதீர்கள், முதுகைப் பாருங்கள்.

இவ்வளவு பக்கத்தில் நிற்கிறதே என்று தொடாதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். அங்கே காவல் நிற்பவர்களில் முதுவர் சமூகத்து ஆட்கள் உண்டு, இந்த மலையின் பழங்குடிகள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாக அவர்களிடையே ஒரு கதை இருக்கிறது. ஆட்டுக்கு முறுக்கு கொடுக்கப் போன ஒருவரிடம் ஒரு முதுவர் பெரியவர் சொன்னார்: "அதுக்குப் புல்லு இருக்கு சாரே, முறுக்கை நீங்க தின்னுங்க."

யானை, புலி வருமா? பயமாக இருக்கிறதே.

பூங்காவின் நடைபாதையில் பயப்பட ஒன்றுமில்லை. போகிற வழிதான் யானை வழி. பூப்பாறை, சின்னக்கானல் பகுதியில் அந்தி நேரத்தில் யானை சாலைக்கு வரும். அதற்காகவும்தான் இருட்டுக்கு முன் போய்ச் சேரச் சொல்கிறேன்.

அரிசிக்கொம்பன் நினைவிருக்கிறதா? சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பெயர் வாங்கிய ஆண் யானை. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில், நம் மேல் கோதையாற்றுப் பக்கம் கொண்டுவந்து விட்டது. நாம் அவன் ஊருக்குச் சுற்றுலா போகிறோம், அவன் நம் மலைக்குக் குடி வந்துவிட்டான்.

நீலக்குறிஞ்சி பார்க்க முடியுமா?

முடியாது. கடைசியாகப் பூத்தது 2018, பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030. அதுவும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான், சித்திரையில் இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் போனால் சோலை ஓரத்தில் காட்டுப்பூவரசு என்று அங்கே சொல்கிற மரத்தில் செக்கச் சிவந்த பூங்கொத்துகள் மிச்சம் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்திப்படுங்கள்.

ஆனைமுடி ஏறலாமா?

சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. மேகம் விலகினால் கீழேயிருந்து பார்க்கலாம். யானையின் மத்தகம் மாதிரியே இருக்கும்.

குளிருமா? என்ன உடை?

நாகர்கோவிலில் பிறந்தவர்களுக்கு ஸ்வெட்டர் என்பது சினிமாவில் பார்க்கிற பொருள். ஏப்ரலில் மூணாற்றில் பகலில் இதமான வெயில், இரவில் போர்வை தேடுகிற குளிர். ராஜமலை இன்னும் உயரம், காற்றும் அதிகம். பிள்ளைகளுக்குக் காது மூடுகிற தொப்பி, பெரியவர்களுக்கு ஒரு சால்வை போதும். பனிமலைக்குப் போகிற மாதிரி மூட்டை கட்டாதீர்கள். குளிரில் தெரியாது, ஆனால் வெயில் தோலைச் சுட்டுவிடும். என் மகளுக்கு மூக்கு உரிந்தது.

குடை கட்டாயம். சித்திரையில் மதியத்துக்கு மேல் இடியோடு கோடைமழை வரும். நம்மூரில் மழை வந்தால் திண்ணையில் ஒதுங்கலாம், அந்தப் புல்வெளியில் ஒதுங்க ஒன்றும் இல்லை. இன்னொரு காரணமும் ஆயிற்று, காலையிலேயே போய்விட்டு வர.

வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் சமாளிப்பார்களா?

மேல் வரை பஸ் போவதால் முழங்கால் வலிக்காரர்களும் வரலாம். நடை மெதுவான ஏற்றம். என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து முழுத் தூரமும் நடந்தார். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். உயரத்தில் மூச்சு கொஞ்சம் வாங்கும்.

பிள்ளைகளுக்கு உண்மையான சோதனை போடிமெட்டு வளைவுகள்தான். போடியில் வயிறு முட்டச் சாப்பிட வைத்துவிட்டு ஏறாதீர்கள். இரண்டு இட்லி, அதற்கு மேல் வேண்டாம். முன் சீட்டில் உட்கார வைத்து, சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள். கையில் ஒரு எலுமிச்சம்பழம், வண்டியில் காகிதப் பை நாலைந்து.

சாப்பாடு எப்படி? கட்டிக்கொண்டு போகலாமா?

மூணாற்றில் இட்லி தோசையும் கிடைக்கும், புட்டு கடலையும் கிடைக்கும், நமக்கு இரண்டும் பழக்கம். விலைதான் மலையேறியிருக்கும். வழிக்கு நாங்கள் முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் வற்றல், ஒரு சீப்பு மட்டிப்பழம் எடுத்துப் போவோம். மட்டிப்பழம் இரண்டாம் நாளே கறுத்துவிடும், முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். பூங்காவுக்குள் தின்பண்டமும் பிளாஸ்டிக் உறையும் கொண்டு போகாதீர்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்.

மலையாளம் தெரியாதே?

களியக்காவிளைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மூணாற்றில் தமிழ் போதும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பகுதி தமிழர்கள், தலைமுறைகளாக அங்கேயே இருப்பவர்கள்.

இதில் நமக்கு ஒரு பழைய உறவும் இருக்கிறது. 1956 வரை நாமும் தேவிகுளமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில் நம் தாலுகாக்களோடு தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும்தான் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டார்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றுவிட்டன. என் தாத்தா கடைசி வரை மூணாற்றை "நம்ம தேவிகுளம்" என்றுதான் சொல்வார்.

ராஜமலையைத் தாண்டிப் போகிற சாலை பெட்டிமுடிக்குப் போகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, அங்கே மண் சரிந்து லயன் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் புதைந்து 70 பேர் போய்விட்டார்கள். பலருடைய பூர்வீகம் கயத்தாறு. நாம் நெல்லையைத் தாண்டி நான்குவழிச் சாலையில் வேகமாகக் கடந்து போகிற அதே கயத்தாறுதான். டீக்கடையில் ஒருவர் இதைச் சொன்ன பிறகு, தேயிலைச் சரிவைப் பார்க்கிற கண் மாறிவிட்டது. அழகு குறையவில்லை. ஆனால் அந்த நீள நீள லயன் வீடுகளைப் படம் எடுக்கக் கை வரவில்லை.

எத்தனை நாள் வேண்டும்?

போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் இரண்டு நாள். முதல் நாள் காலை இரவிகுளம், மதியம் ஓய்வு. மறுநாள் மறையூர் அல்லது வட்டவடை. வார இறுதியில் ஓடிப்போய் ஓடிவரலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். வண்டி ஓட்டுகிறவருக்குப் பாவம்.

தங்குவதற்கு டவுனுக்குள் அறை எடுத்தால் காலையில் ஐந்தாம் மைலுக்குச் சீக்கிரம் போகலாம். படத்தில் அழகாகத் தெரிகிற பல விடுதிகள் டவுனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும். பதிவு செய்யும் முன் வரைபடத்தில் பாருங்கள்.

இவ்வளவு தூரம் போக முடியாது. நம் மாவட்டத்திலேயே காடு இல்லையா?

இருக்கிறது. நம் வன உயிரினச் சரணாலயம் மட்டும் 402 சதுர கிலோமீட்டர், இரவிகுளத்தைப் போல நான்கு மடங்கு. காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் வனத்துறை அனுமதியோடு ஒரு நாள் போய்வரலாம். மழை பெய்தால் ஆற்றில் இறங்க விடமாட்டார்கள், இறங்கவும் கூடாது. ஆனால் அங்கே புல்வெளியும் வரையாடும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது மழைக்காடு, அதன் அழகு வேறு.

திரும்பி வரும்போது என்ன வாங்கலாம்?

மறையூர் போனால் உருண்டைச் சர்க்கரை. கரும்பு காய்ச்சுகிற கொட்டகைக்கே போய், சூடு ஆறாததைக் கையில் வாங்குங்கள். ஏலக்காயைப் போடியில் வாங்குவது நல்லது. பச்சை நிறம் பளிச்சென்று கண்ணைப் பறித்தால் ஒன்றை உடைத்து உள்ளே பாருங்கள், விதை கறுப்பாக, ஒட்டும் பிசினோடு இருக்க வேண்டும். தேயிலையை எந்தக் கடையிலும் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். அங்கே குடித்த டீயின் ருசி பாதி அந்தக் குளிரில் இருந்தது. வீட்டுக்கு வந்து சித்திரை வெயிலில் போட்டுக் குடித்துவிட்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எனக்கு போன் செய்வீர்கள்.